இடித்துக் கொடுத்த மாத்திரை

தாராவியில் எங்களுக்கு முறுக்கு வேலை. கீழே அடுப்பு, மேலே வீடு. என் சம்சாரம் மாவு பிசைந்து பிழிவாள். எண்ணெய்ச் சட்டி என் பொறுப்பு. அதற்கு நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

போன வருஷம் இடது கால் இழுத்தது. பிறகு இரண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகுத்தண்டு நரம்பின் மேல் உறை உரிகிறது என்றார் டாக்டர். உரிந்த இடத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு கசிகிறதாம். காலுக்குப் போகிற சேதி பாதி வழியில் செத்துவிடுகிறதாம். அந்தக் கசிவை அடைக்க ஒரு மாத்திரை. நோயைத் தீர்க்காது, சேதியை மட்டும் கடத்திவிடும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

சில வாரத்தில் சட்டி முன்னால் நின்றேன். எனக்கே நம்ப முடியவில்லை.

அடுத்த தடவை டாக்டர் முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். முன்னைவிட வேகமாகக் கால் துள்ளியது. சம்சாரம் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. இந்த உதை மூளையைக் கேட்டு வருவதில்லை, தண்டிலிருந்தே திரும்பி வருவது, மாத்திரை இதையும் கூட்டும், அளவு மீறக் கூடாது என்றார். சரி என்று வந்தோம்.

மழைக்காலத்தில் எனக்குத் தொண்டை கட்டியது. எச்சில் விழுங்கவே வலி. ஒரு ராத்திரி மாத்திரை போடாமல் படுத்துவிட்டேன். காலையில் அவள் மாத்திரையை இடித்து, கருப்பட்டிப் பாகில் குழைத்துக் கொண்டுவந்தாள். அவள் பிறந்த வீட்டில் பிள்ளைகளுக்கு எந்த மாத்திரையானாலும் இப்படித்தான்.

"நேத்து உள்ளதையும் சேத்துட்டேன். மிச்சம் வைக்கப்பிடாதுல்லா."

நக்கினேன். இனித்தது, கசந்தது.

அடுப்பு பற்ற வைக்குமுன் வாயைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. உள்ளங்கையிலும் ஊர்ந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். பாதம் தரையில் பட்டதும் கால் தானாக ஆடியது, தையல் மிஷின் மிதி மாதிரி. கையால் அமுக்கினேன். இன்னும் வேகமாக ஆடியது.

"ஏங்க, விளையாடாதீங்க."

நான் ஆட்டவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதோடு எனக்கு நினைவு இல்லை.

மற்றதெல்லாம் அவள் சொன்னது. உடம்பு முழுக்க வெட்டி இழுத்ததாம். வாயில் நுரை. பக்கத்துக் கடைக்காரர் ஷட்டர் சாவிக்கொத்தை என் கையில் திணித்தாராம். சாவி தெறித்து மாவுப் பாத்திரத்தில் விழுந்ததாம். டாக்ஸியில் போட்டுக் கொண்டுபோனார்கள்.

நினைவு வந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது. இமையைத் தூக்க முடியவில்லை. காது மட்டும் கேட்டது. டாக்டர் ஹிந்தியில் அவளை விசாரித்தார். எப்படிக் கொடுத்தாய்? அவள் மறைக்கவில்லை, இடித்த விதத்தைக்கூடச் சொன்னாள். அரை நாள் மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை அது, உடைக்கவே கூடாது என்றார். இடித்ததால் ரெண்டும் ஒரே நேரத்தில் இறங்கியிருக்கிறது. கால்களை எழுப்புகிற மருந்து மூளையையும் உலுக்கிவிட்டது.

கருப்பட்டியில் குழைத்ததற்கா இவ்வளவும்?

இனி முழுசாகவே கொடுக்கிறேன், தண்ணீரில் கொடுக்கிறேன் என்று அவள் கெஞ்சினாள். முடியாது என்றார். ஒரு தடவை வலிப்பு வந்த ஆளுக்கு இந்த மாத்திரை எப்போதும் கிடையாது. இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. அவர் போகிற செருப்புச் சத்தம் கேட்டது.

அவள் வந்து என் காலைப் போர்வையால் மூடினாள். நான் கண்ணைத் திறந்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வேற மாத்திரை தாராங்களாம். இதவிட நல்லதாம்."

என் பக்கம் முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"சரி" என்றேன்.