திரும்பத் திரும்ப வந்த வரி

ஆங்கிலச் சோதனைக்காகத் தபாலில் படித்த நாட்களில், என் முதல் கட்டுரை கொழும்பிலிருந்து சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. ஓர் ஆங்கிலக் கவிதையின் ஓசையை ஆராயச் சொல்லியிருந்தார்கள். தமிழ் ஆசிரியை என்ற திமிரில் அசை பிரித்து நேர், நிரை என்று எழுதி, ஒவ்வோர் அடியிலும் இரண்டாம் எழுத்தின் கீழே கோடு போட்டு எதுகை தேடியிருந்தேன். அவர்களுடைய எதுகை அடியின் கடைசியில் வரும் என்பது தெரியாமலில்லை. பழகிய கை கேட்கவில்லை. "அசையை எண்ணாதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள்" என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

யாருக்குப் படிப்பது? கிண்ணியாவில் பள்ளிக்கூடம். மாலையில் படகில் துறை கடந்து திருகோணமலைக்கு வந்து வாடகை அறைக்குள் புகுந்தால் பேச்சே இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் வாயைத் திறக்கும்போது குரல் கரகரக்கும். சோதனையில் தேறினால் ஆங்கில ஆசிரியையாகச் சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்கு மாற்றம், வீடு நிறையச் சனம். அதை நினைத்து அழுதிருக்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தக் கவிதையைச் சத்தமாகப் படித்தேன். வீட்டுக்கார அக்கா எட்டிப் பார்த்தார். என்னைவிட நாலைந்து வயது கூட. கப்பல் வேலைக்குப் போன கணவரிடமிருந்து கடிதம் வருவது நின்று வெகுகாலம்.

"ஆரோட கதைக்கிறீங்கள், ரீச்சர்?"

"ஒருத்தரோடயும் இல்லை அக்கா. பாட்டுப் படிக்கிறன்."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆங்கிலம் தெரியாது. எல்லாப் பத்தியும் ஒரே வரியைத் திரும்பச் சொல்லி முடியும் கவிதை அது. மூன்றாம் பத்தியில் அந்த வரியை என்னோடு சேர்ந்து அவரும் சொன்னார். நான் சிரித்துவிட்டேன்.

"மாதா கோயில்ல மன்றாட்டுமாலை சொல்லக்குள்ள இப்பிடித்தானே," என்றார். "ஒராள் முன்னுக்குச் சொல்லும். பதில் மற்றாக்களின்ர பங்கு."

அதன்பிறகு ஞாயிறுதோறும் அந்த வரி அவருடையது. கதிரைக் கையில் அவர் விரல் தட்டிய இடங்களில்தான் அடியின் அழுத்தம் விழுந்தது; என் காது அதைப் பிடித்துக்கொண்டது. முன்னால் வரும் அடிகள் மாறுவதால், மாறாத வரியும் ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தருகிறது என்று அடுத்த கட்டுரையில் எழுதினேன். சிவப்பு மை குறைந்தது.

தேறினேன். மாற்றக் கடிதத்தோடு குசினிக்குள் ஓடினேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அப்ப போயிடுவீங்களோ, ரீச்சர்?"

"ஓம் அக்கா, வாற மாசம்!"

கையைக் கழுவினார். "அப்ப போயிடுவீங்களோ?"

புதிய பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக்குப் பக்கம், நடந்தே போகலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் அடுப்புப் பக்கம் திரும்பி மறுபடியும் அதையே சொன்னார். அந்த முறை அது கேள்வியாக இருக்கவில்லை. அந்த வீட்டில் தனியாக இருந்தது நான் ஒருத்திதான் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.