ஆறு பேருக்கு ஒரு சாப்பாடு

தண்ணீரூற்று ஊரில் உம்மு ஹானியிடம் "ஏலாது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் குறைவு. தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு ஊரை விட்டுக் கிளம்பி, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் கிடந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, சண்டை ஓய்ந்த பிறகு புருசனோடு திரும்பி வந்தவள். வாப்பாவின் வளவில் வீடு நின்ற இடம் முழுக்கப் பற்றைக்காடு. "இதை வெட்டி எந்தக் காலத்தில் குடியிருக்கிறது?" என்று கேட்டவர்களுக்கு முன்னாலேயே அவள் கத்தியை எடுத்தாள். புருசன் மௌத்தான பிறகும் ஒரு போகம் விடாமல் அந்த மண்ணில் கச்சான் கடலை போடுகிறாள். முள்ளியவளைக் கடைகளில் வறுத்த கச்சான் வாங்கிக் கொறிப்பவர்கள் பாதிப் பேர் அவளுடைய கச்சானைத்தான் கொறிக்கிறார்கள்.

காட்டை வென்றவளுக்குக் கூடப்பிறந்த இரண்டு பேரை வெல்ல முடியவில்லை. அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் மீராசாகிபு புத்தளத்திலேயே தங்கிவிட்டார். இளையவன் சிறாஜ் அவளோடு ஊருக்கு வந்து, பக்கத்து வளவில் வீடு கட்டினான். கட்டும்போது, இடிந்து கிடந்த பழைய கிணற்றைத் தூர்த்துவிட்டுக் குழாய்க்கிணறு அடித்தான். அது வாப்பா தன் கையால் வெட்டிய கிணறு. ஊர் பார்க்க வந்த மீராசாகிபு அந்த இடத்தில் நின்று, "தூர்க்க முதல் ஒரு வார்த்தை கேக்க உனக்கு ஒரு காக்கா இல்லையா?" என்றார். சிறாஜுக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஊருக்கு வராத ஆளுக்கு ஊர்க் கிணறு எதுக்கு?" என்று கேட்டுவிட்டான். மீராசாகிபு தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார்.

அதோடு இரண்டு பேருக்கும் எட்டு வருசம் பேச்சுக் கதை இல்லை. உம்மு ஹானியின் ஒரே மகள் நஃப்லாவின் கலியாணத்துக்குக்கூட ஒரு மாமா காலையில் வந்து தின்றுவிட்டுப் போனார், மற்ற மாமா பின்னேரம் வந்தார். அன்றைக்கு உம்மு ஹானி குசினிக்குள் போய் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு ஒரு முடிவும் எடுத்தாள். இந்த இரண்டு பேரையும் ஒரு சஹனில் இருத்தாமல் தான் மௌத்தாகப் போவதில்லை.

சஹன் என்பது பெரிய தட்டு. அதில் சோற்றைக் குவித்து, கறிகளை மேலே வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கை போட்டுத் தின்பார்கள். கோபத்தில் இருக்கிறவர்கள் ஒரு சஹனில் இருக்க மாட்டார்கள். இருந்துவிட்டால் கோபம் மிஞ்சாது. ஆனால் எத்தனை முறை விருந்து வைத்தாலும், ஒருத்தர் வருகிற சத்தம் கேட்டதும் மற்றவர் எழும்பிப் போய்விடுவார். கரையில் இருக்கிறவனுக்கு எழும்பிப் போக வழி இருக்கிறது, அதுதான் சிக்கல்.

அப்போதுதான் மருமகன் றிப்னாஸ் டோகாவிலிருந்து போனில் ஒரு கதை சொன்னான். கொழும்பில் ஏறித் திருகோணமலைக்குப் போய்த் திரும்பும் உல்லாசக் கப்பல் ஒன்று இருக்கிறதாம். நஃப்லாவையும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளையும் மாமியையும் அதில் அனுப்ப ஆசையாம். உம்மு ஹானிக்குக் கடலைக் கண்டால் தலை சுற்றும். ஆனாலும் கப்பலில் இருந்து எவனும் பாதியில் எழும்பிப் போக ஏலாது என்பது அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. "மகன், காக்காவையும் தம்பியையும் சேர்த்துப் போடுங்கோ" என்றாள்.

மீராசாகிபுவிடம் சிறாஜ் வருவதைச் சொல்லவில்லை. சிறாஜிடம் மீராசாகிபு வருவதைச் சொல்லவில்லை. பொய் சொன்னாள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் கேட்கவில்லை.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் கொழும்பிலிருந்து கப்பல் கம்பெனிப் பிள்ளை ஒன்று போன் எடுத்தது. "ஹலால் சாப்பாடு எத்தனை வேணும் உங்களுக்கு?" உம்மு ஹானி யோசிக்கவே இல்லை. ஆறு பேருக்கு ஒரு சஹன், இதில் கணக்குப் பார்க்க என்ன இருக்கிறது? "ஒண்டு காணும் மகள். ஆனா நிறைவா இருக்கோணும்" என்றாள்.

கப்பலைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அது மிதந்தது. விளம்பரப் படத்தில் நீலமாக இருந்த நீச்சல் தடாகம் வெறுமையாகக் கிடந்தது, மேலே தறப்பாள் போட்டு மூடியிருந்தது. குழாயைத் திறந்தால் முதலில் காற்று வந்தது, பிறகு தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வந்தது. கடல் தெரியும் அறை என்றார்கள். யன்னலைத் திறந்து பார்த்தால் உயிர்காப்புப் படகின் அடிவயிறுதான் தெரிந்தது. போய்ச் சொன்னபோதெல்லாம் வரவேற்பு மேசைப் பெடியன் ஒரே சிரிப்போடு, "குறிச்சு வச்சிருக்கிறம் மேடம்" என்றான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துறைமுகத்திலேயே ஒருத்தரை ஒருத்தர் கண்ட அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு திசை பார்த்துத்தான் ஏறினார்கள். ஏறியபின் மேல்தட்டில் மூலைக்கொரு கதிரையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் கன்னத்தில் கை வைத்தார்கள். "கையை எடுங்கோ ரெண்டு பேரும். கப்பல் கவிழப் போகுது" என்றாள் உம்மு ஹானி. பிள்ளைகள் சிரித்தன. மாமாமார் சிரிக்கவில்லை.

அன்றிரவுச் சாப்பாட்டு மேசையில் தங்கத் தாளில் சுற்றிய சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே ஒரு கைப்பிடிச் சோறு, விரல் நீளத்தில் ஒரு கோழித் துண்டு. ஆறு பேருக்கும் அதுதான். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"மிச்சம் எங்க?" என்று உம்மு ஹானி பரிமாறியவனைக் கேட்டாள்.

"மேடம் ஒண்டுதானே சொன்னீங்க? பட்டியலில ஒண்டுதான் இருக்குது."

"நான் சொன்னது ஒரு சஹன். ஆறு பேருக்கு."

அவனுக்கு அது விளங்கவில்லை. புத்தளத்தில் பழகிய சிங்களத்தில் அவள் மேலாளருக்கு விளங்கப்படுத்தினாள். அவருக்கு விளங்கியது, ஆனால் அசையவில்லை. பட்டியலைக் கரைக்குத் திரும்பிய பிறகுதான் மாற்றலாமாம். அதுவரைக்கும் பொதுச் சாப்பாட்டில் எடுக்கட்டுமாம். பொதுச் சாப்பாட்டில் பன்றிக்கும் கோழிக்கும் ஒரே கரண்டி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பெட்டியைப் பகிர்ந்தார்கள், மற்றவர்கள் பாணும் வாழைப்பழமும் தின்றார்கள். மீராசாகிபு பிஸ்கட்டை நனைத்துத் தின்றுவிட்டு, "கேக்காமச் செய்யிறது நம்மட குடும்பத்தில வழமைதானே" என்று கடலுக்குச் சொன்னார். சிறாஜ் எழும்பி வெளியே போய்விட்டான்.

உம்மு ஹானி வெறும் பெட்டியைப் பிடித்து நசுக்கினாள். பிழை அவளுடையதுதான், கொஞ்சம். ஆனால் பட்டினி கிடக்கிற ஆறு பேருக்கு முன்னால் பட்டியலைத் தூக்கிக் காட்டுகிறவனுடைய பிழை பெரியது. இந்தக் கப்பல் சஹன் தராவிட்டால் என்ன, சஹன் உலகத்தில் இல்லாமல் போய்விட்டதா?

மறுநாள் காலை கப்பல் திருகோணமலையில் கட்டியது. ஊர் சுற்றிக் காட்ட வருவதாகச் சொன்ன பஸ் வரவில்லை. சனம் வெயிலில் நின்று ஏசிக்கொண்டிருந்தது. அவள் சிறாஜை மட்டும் இழுத்துக்கொண்டு ஓட்டோ பிடித்தாள். "மகன், சஹனில சாப்பாடு கட்டித் தாற கடைக்கு விடுங்கோ" என்றாள் ஓட்டோக்காரனிடம். வாய் இருந்தால் வங்காளம் போகலாம், திருகோணமலையில் புரியாணிக் கடையா கிடைக்காது? தட்டைத் திருப்பித் தருவதாக ஓட்டோக்காரனையே பிணை வைத்து, ஆவி பறக்கும் சஹனோடு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தாள். வழி முழுக்கச் சிறாஜ் அதை மடியில் வைத்துப் பிடித்திருந்தான்.

ஏணிப்படியில் அதிகாரி கையை நீட்டி மறித்தார். "வெளிச் சாப்பாடு உள்ளே ஏத்த ஏலாது."

"உள்ளுக்கும் தரமாட்டீங்க, வெளியில இருந்தும் கொண்டுவரக் கூடாது. அப்ப சனம் காத்தையா தின்னுறது?"

"அது சட்டம்."

"உங்கட சட்டம் கப்பலுக்குள்ளதானே மாத்தையா?" என்று சிங்கள மரியாதைச் சொல் போட்டுக் கேட்டுவிட்டு, அவள் ஏணிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை நிழலில் சால்வையை விரித்தாள். சஹனை நடுவில் வைத்தாள். நஃப்லாவையும் பிள்ளைகளையும் இருத்தினாள். சிறாஜும் இருந்தான். ஒரு இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. மீராசாகிபு கப்பலை விட்டு இறங்கவில்லை.

நஃப்லா மேலே போய்க் கூப்பிட்டாள். "பசி இல்லையாம் உம்மா. எங்களைச் சாப்பிடச் சொல்லுறார்" என்று திரும்பி வந்தாள்.

"ஆள் நிறையாம எங்கட வாப்பா வீட்டில சஹனில கை வைக்கிறதில்ல" என்றாள் உம்மு ஹானி. பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு, சஹனை மூடினாள்.

கப்பல் முதல் தரம் ஊதியது. சனம் ஏறத் தொடங்கியது.

"ராத்தா," என்றான் சிறாஜ், "சோறு ஆறுது. கப்பலும் போயிரும். பிள்ளையளோட நடுத்தெருவில நிக்கப் போறமா?"

"போனாப் போகட்டும். இந்தக் கப்பல் ஓடுறதைப் பாக்கவா நான் வந்தனான்?" சஹனை இன்னும் இறுக்கி மூடினாள். "எனக்கு அம்பத்தி நாலு வயசு. காக்காவுக்கு அதுக்கும் மேல. இன்னும் எத்தின பெருநாளுக்கு நான் ரெண்டு தரம் சோறாக்குறது? நீ போய்க் கூப்பிடு. நீ கூப்பிட்டா வருவார். வராட்டி நான் இந்த இடத்தை விட்டு எழும்பமாட்டன்."

அவள் சொன்னால் செய்வாள் என்பது சிறாஜுக்குத் தெரியும். காட்டுக்குள் கத்தியோடு நின்ற ராத்தாவைக் கண்டவன் அவன்.  எழும்பி ஏணியில் ஏறினான்.

மேலே என்ன கதைத்தார்கள் என்று உம்மு ஹானிக்குக் கேட்கவில்லை. அவள் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தாள். திறந்தபோது சிறாஜ் இறங்கி வந்துகொண்டிருந்தான். நாலைந்து படி பின்னால், கைபிடியைப் பிடித்துப் பிடித்து, மீராசாகிபு.

அவர் அந்த வெறும் இடத்தில் வந்து இருந்தார். கை கழுவினார். பிஸ்மி சொல்லி முதல் பிடியை எடுத்தார். ஆறு கைகள் சஹனுக்குள் போயின. யாரும் கதைக்கவில்லை, பசி கதைக்க விடவில்லை. மீராசாகிபு கோழித் தொடையைப் பிய்த்து ஒரு பேத்திக்கு முன்னால் வைத்தார். மற்றவளுக்கும் வைத்தார். பிறகு, நிமிர்ந்து பார்க்காமலே, பெரிய துண்டொன்றை விரலால் தள்ளிச் சிறாஜின் பக்கத்துச் சோற்றில் வைத்தார். சிறாஜ் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எடுத்துத் தின்றான். கண்ணீர் மூக்கு நுனியில் ஒழுகியது, துடைக்கவும் இல்லை.

கப்பல் கடைசித் தரம் ஊதியது. அதிகாரி ஏணியிலிருந்து ஓடி வந்தார். "ஏறுங்கோ, ஏறுங்கோ! ஏணியைத் தூக்கப் போறம். இனிக் காத்திருக்க ஏலாது!"

உம்மு ஹானி வாயைத் திறக்க முதல் மீராசாகிபு கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"பொறுங்கோ மாத்தையா," என்றார். "என்ட தம்பி இன்னும் சாப்பிட்டு முடியல்ல."