நூல் கட்டிய நான்கு வரிசை

காய்க்காம்பில் நூல் கட்டினால் பருத்தி கலப்பினம் ஆகிவிடும் என்று நாற்பது வயதில் நான் நம்பினேன். காய்ச்சலுக்கே மந்திரித்த கயிறு கட்டும் குடும்பம் எங்களுடையது. பருத்திக்கு மட்டும் பலிக்காதா என்ன. அக்கா காலமாகி ஒரு வருடம் முடிகிறது, அவரைப் பற்றி ஏதாவது எழுது என்று வீட்டில் சொன்னதும் முதலில் ஞாபகம் வந்தது இந்தக் கூத்துதான். உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அக்கா பிறந்தது கடப்பாக்கத்தில். வாழ்க்கைப்பட்டது செங்கல்பட்டுக்கு மேற்கே, கிணற்றுப் பாசன நிலம் உள்ள வீட்டில். மாமா இளம் வயதிலேயே காலமாகிவிட, நிலத்தைக் குத்தகைக்கு விடும்படி நாங்கள் எல்லோரும் புத்தி சொன்னோம். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், விடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் கலப்பினப் பருத்தி விதை எடுக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு வந்தார். நீளமான இழைக்கு ஒரு ரகம், நல்ல காய்ப்புக்கு ஒரு ரகம். சாயங்காலம் ஒன்றின் மொட்டை நகத்தால் பிரித்து மகரந்தத்தை நீக்க வேண்டும். மறுநாள் காலை மற்றதன் பூவைக் கொண்டுவந்து தடவ வேண்டும். தடவியாயிற்று என்பதற்கு அடையாளம்தான் காம்பில் கட்டும் நூல்; நூல் இல்லாத காய் தானாகக் காய்த்தது, கலப்பின விதைக்கு ஆகாது.

விதை ஆய்வாளர் வயலைப் பார்க்க வருவதற்கு முதல் நாள், நூல் இல்லாத காய்களையெல்லாம் கிள்ளிப் போடச் சொல்லிவிட்டு அக்கா செங்கல்பட்டு போனார். விதை தேறாவிட்டால் அடுத்த பருவத்துக்கு அந்த இரண்டு ரகங்களின் விதையை, அதாவது பெற்றோர் விதையை, விதைத் துறையினர் தரமாட்டார்கள். எனக்கோ பச்சைக் காயைக் கிள்ள மனம் வரவில்லை. காய் குறைந்தால் ஆய்வாளர் தள்ளிவிடுவார் என்று பயந்து, நான்கு வரிசையில் நூல் இல்லாத காம்புகளுக்கெல்லாம் நூல் கட்டிவிட்டுப் பெருமையோடு காத்திருந்தேன்.

வந்த அக்கா குனிந்து பார்த்தார்.

“இதுல நீ கட்டனது எது, நான் கட்டனது எதுடா?”

“ஒரே நூலுகண்டுக்கா. எப்படித் தெரியும்?”

“அப்ப நாலு வரிசையும் போச்சி. கூடைய எடு.”

“அந்தாளுக்கு இன்னாக்கா தெரியப் போவுது? பேசாம வுடு.”

“அவருக்குத் தெரியாது. இத வாங்கி வெதைக்கிறான் பாரு, அவன் கொல்லைல தெரியும். பேஜாரு பண்ணாம கிள்ளுடா.”

கடப்பாக்கம் பஸ்ஸைப் பிடித்து ஓடிவிடலாமா என்று யோசித்தேன். கையில் கூடை இருந்தது. அக்கா ஒரு மாதமாகக் காலையும் மாலையும் குனிந்து மகரந்தம் தடவி நூல் கட்டிய காய்களும் என் காய்களோடு சேர்ந்தே போயின. அவர் கை ஒரு முறையும் நிற்கவில்லை.

மறுநாள் ஆய்வாளர், “இந்த நாலு வரிசை ஏம்மா மொட்டையா இருக்கு?” என்றார். நான் செடிக்குப் பின்னால் களை பிடுங்குவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

“கலந்துடுச்சி சார். நாங்களே கிள்ளிட்டோம். தோ குந்திகினு கீறாரே, என் தம்பி, அவருதான் ஒத்தாசை.”

கடைசியில் அக்கா நோயில் படுக்கையில் இருந்த இரண்டு மாதமும் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், மாமல்லபுரத்திலிருந்து பஸ் மாறி வந்து கூடவே இருந்த சின்னம்மா மகளுக்கும், அந்தப் பருவமும் விடாமல் மொட்டுப் பிரித்துக் கொடுத்த பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

நான் நூல் கட்டிய வருடம், மீதி வரிசைகளின் விதை தேறியது. அடுத்த பருவத்துக்கும் அக்காவுக்குப் பெற்றோர் விதை கொடுத்தார்கள்.