தையலா, கோ-கோவா

ஒன்பதாம் வகுப்பில் படிப்போடு கூட ஆளுக்கு ஒன்றில் சேர்ந்தே தீர வேண்டும் என்று விளையாட்டு வாத்தியார் சொல்லிவிட்டார். தையல், சாரணர், செஸ், கோ-கோ. வீட்டில் கேட்டுக்கொண்டு திங்கட்கிழமை வந்து சொல்லுங்கள் என்றார். எங்கள் வீட்டில் கேட்பதாவது! கேட்காமலே சொல்லும் வீடு அது.

அப்பா முதலில் சாரணரைத் தள்ளினார். காட்டில் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டிச் சோறாக்கக் கற்றுத்தருவார்கள் என்று நான் விளக்கியதும் அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "அதுக்கா பள்ளிக்கூடம்? நம்ம ஆடு மேய்க்கிற பசங்கள வந்து கத்துக்குடுக்கச் சொல்லு" என்றார். செஸ் என்பது உட்கார்ந்த இடத்திலேயே ஆடுவது என்று கேட்டதும் அதைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்கவே இல்லை.

எனக்குக் கோ-கோ மேல்தான் ஆசை. ஓட்டத்தில் என்னைப் பிடிக்க வகுப்பில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் பயிற்சி முடிவதற்குள் எங்கள் ஊருக்கு வரும் கடைசி ஜீப் கிளம்பிவிடும். அந்த ஜீப்பை ஓட்டியது அத்தை மகன்.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். என் மேல் கொள்ளைப் பிரியம் அவளுக்கு. எப்போது வந்தாலும் வளையல் வாங்கி வருவாள். "தையலே எடுத்துக்க கண்ணு. நாளைக்கு வூட்டுக்கு ஒதவும். நேரத்துல ஜீப்புல வந்துரலாம், அவன் பாத்துக் கூட்டியாந்துருவான்" என்றாள். எந்த வீட்டுக்கு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை நிறுத்தாமல், "இதுங்கள்ல எதுக்கு வெளியூர் போய்த் தங்கணும்?" என்றாள்.

"கோ-கோவுக்குத்தாம்மா. செங்கம், திருவண்ணாமலைன்னு போவணும். ஜெயிச்சா இன்னும் தூரம்."

அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. ஆசையை விழுங்கிக்கொண்டு, "நான் தையலே எடுத்துக்கறேம்மா" என்றேன். அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

திங்கட்கிழமை, களையெடுப்பை அப்படியே போட்டுவிட்டு அம்மா என்னோடு ஜீப்பில் ஏறினாள். வாத்தியாரிடம் போய், "கோ-கோல போடுங்க சார். ஆஸ்டல்லயே தங்கட்டும். எந்த ஊரு ஆட்டம்னாலும் அனுப்புங்க, என்னக் கேக்கவே வேணாம்" என்றாள். ஆசைப்பட்டது கிடைத்தும் நான் அழுதேன். இப்படி வீட்டை விட்டே தள்ளுகிறாளே, இவளெல்லாம் ஒரு அம்மாவா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போகும்போது அவள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

அந்த ஆவணியில் அத்தை தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், புடவை எல்லாம் வைத்து எடுத்து வந்தாளாம். "புள்ள ஆட்டத்துக்குப் போயிருக்கா அண்ணி. வந்துரட்டும், பேசலாம்" என்று அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். தையில் வந்தபோதும் நான் ஊரில் இல்லை. அடுத்த வருஷமும் அப்படியே. நல்ல புடவை போயிற்றே என்று எனக்கு வருத்தம்.

கோப்பையும் கையுமாக வீட்டுக்கு வருவேன். ஜெயித்தாயா, தோற்றாயா என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. "அடுத்த ஆட்டம் எப்போ?" அதுதான் அவளுடைய முதல் கேள்வி. எங்கம்மாவுக்குக் கோ-கோ என்றால் பைத்தியம் என்று ஆஸ்டல் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஒரே ஓர் ஆட்டம்கூடப் பார்க்க வரமாட்டேன் என்கிறாளே என்பதுதான் அப்போது எனக்குக் குறை.