வாசலில் நின்ற அட்டைத் துரை

ஜூன் 2 – ஒன்பது பேர்.
ஜூலை 7 – பன்னிரண்டு.
ஆகஸ்ட் 18 – பதினான்கு.
செப்டம்பர் 17 – பதினான்கு.
அக்டோபர் 6 – பதினொன்று.
அக்டோபர் 27 – எட்டு.
நவம்பர் 10 – ஆறு.

பிச்சைமணி டீயை நின்றுகொண்டுதான் குடிப்பார். ஒரு கால் டீக்கடைப் படியில் இருக்கும், மற்றது ஜீப்பைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஜீப்பு உறுமிக்கொண்டே நிற்கும். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பதற்காக அல்ல. வண்டி நல்ல வண்டி. "ஓடுற வண்டிய எதுக்கு நிப்பாட்டணும்? நிப்பாட்டுனா நமக்குல்ல கை காலு பதறுது" என்பார். வயது நாற்பத்தெட்டு. கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் எழுந்துவிடுவார். போடியில் தலைமுடியை இரண்டு தவணையாக வெட்டிக்கொண்ட ஆள் அவர் ஒருவர்தான்; பாதியில் யாரோ சவாரிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

காலை ஐந்தே முக்காலுக்கு ஸ்டாண்டிலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார். மேலே ஏலத்தோட்டத்து வாசலில், எந்த ஜீப்பில் எத்தனை தலை என்று ஒரு நோட்டில் எழுதுவார்கள். முதலில் சொன்ன எண்கள் அந்த நோட்டில் அவர் ஜீப்புக்கு எழுதியவை. அவை ஏறியதற்கும் இறங்கியதற்கும் காரணம் ஒரு புத்தகம்.

மே மாதம் குரங்கணிக்கு மலையேற வந்த சென்னைப் பிள்ளைகள் பின்சீட்டில் மறந்துவிட்டுப் போன படக்கதை அது. ஜப்பானில் வரைந்தது, சென்னையில் யாரோ தமிழாக்கி அச்சிட்டிருந்தார்கள். முதல் தொகுதி, நூற்று எண்பத்து நான்கு பக்கம். வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய புத்தகத்தை நம் வழக்கப்படி பிரித்ததால் கடைசிப் படம்தான் அவர் கண்ணில் முதலில் பட்டது. பனி கொட்டும் ஊரில் ஒரு வீட்டு வாசல். வெளியே நெடிய ஒருவன், உதட்டோரம் கூரிய இரண்டு பற்கள். உள்ளே ஒரு பெண், பேசப் போகிறவள் போல வாயைச் சற்றே திறந்திருந்தாள். பிச்சைமணி அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார். அவர் அளவில் வெகு நேரம் என்பது இரண்டு நிமிடம்.

கதையில் அவன் முந்நூறு வயதுப் பிரபு. மனித ரத்தம்தான் அவனுக்கு ஆகாரம். அந்தப் பெண் ஊர் மணிக்கூண்டில் மணி அடிப்பவள். அவள் அடிக்கும் மணியைக் கேட்கும்போது மட்டும் அவனுக்குப் பசி அடங்கும். அவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டில் உள்ளவர்கள் 'வா' என்று சொல்லாமல் எந்த வாசலையும் அவனால் தாண்ட முடியாது.

ஜூன் இரண்டாம் தேதி கதை சொல்ல ஆரம்பித்தார். நாளுக்கு இரண்டு பக்கம். முந்தல் சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும்போது அன்றைய படத்தைப் பின்னால் நீட்டுவார். "கையத் தொடச்சிட்டு வாங்குங்க ஆத்தா." புத்தகம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்ததும் வண்டி நகரும், கதையும் நகரும். பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கும் கணக்காக இழுத்து, மேட்டில் ஏறும்போது எங்காவது ஓர் ஆபத்தில் நிறுத்துவார்.

மழைக்காலத்தில் ஏலச்செடிக்கு அடியில் குனிந்து காய் பறிக்கிறவர்களுக்கு ரத்தம் குடிப்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அட்டை ஏறாமலிருக்கக் கணுக்காலில் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொண்டே கேட்டார்கள். முதல் வாரத்திலேயே பிரபுவுக்கு அட்டைத் துரை என்று பெயர் வைத்துவிட்டாள் சந்திரவல்லி. ஜீப்பில் இளையவள் அவள்தான். "கேக்காம ஏறிக் கடிக்கிற நம்ம அட்டைக்கு இவன் தேவலண்ணே. வாசல்ல நின்னு கேக்குறான்ல" என்றாள். அடுத்த ஜீப்புக்காரர் அருள்பாண்டி வண்டியில் போனவர்களும் மெல்ல இந்தப் பக்கம் வந்தார்கள். பதினான்குக்கு மேல் ஏற்ற இடமில்லை.

ஞாயிறுகளும் ஆகஸ்ட் பதினைந்தும் போக, செப்டம்பர் பதினேழாம் தேதி கடைசிப் பக்கம் வந்தது. அட்டைத் துரை வாசலில் நின்றான். அதற்குக் கீழே 'இரண்டாம் தொகுதி விரைவில்' என்று அச்சிட்டிருந்தது.

பிச்சைமணி புத்தகத்தில் இருந்த முகவரிக்கு எழுதினார். அச்சாகிறது என்று அக்டோபர் எட்டில் பதில் வந்தது. மறுபடி எழுதினார். சற்றுத் தாமதம் என்று முப்பதாம் தேதி வந்தது. மூன்றாம் முறையும் எழுதினார். இதற்கிடையில் சொன்ன கதையையே திரும்பச் சொன்னார், பனியை வர்ணித்தார், அந்த ஊர்க் குதிரைக்குப் பெயர் வைத்தார். பெண்கள் ஒவ்வொருவராக அருள்பாண்டியின் வண்டிக்கே திரும்பினார்கள். அங்கே புது ஸ்பீக்கர் பாடியது.

மீதிக் கதையை அவரே கட்டியிருக்கலாம். காட்டெருமை தன்னிடம் வழி கேட்டதாகச் சொல்லி நம்பவைத்தவர் அவர். ஆனால் அந்த வாசலுக்கு வந்ததும் அவருக்குப் பேச்சு எழவில்லை.

சிலமலையில் அவருடைய தங்கை சுந்தரம்மாள் இருக்கிறாள். ஏழு வருஷத்துக்கு முன் அவள் மகள் சுஜிதாவுக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் வந்தால்தான் பிள்ளையை மணையில் உட்கார வைப்பார்கள். பிச்சைமணி சீரெல்லாம் முதல்நாளே வாங்கி வைத்துவிட்டார். அன்று காலை குரங்கணிக்கு ஒரு சவாரி வந்தது. பத்து மணிக்குள் இறங்கிவிடலாம் என்று ஏறினார். பாதையில் மரம் விழுந்து, சிலமலைக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மணி. ஒன்றுவிட்ட பங்காளி ஒருவர் மாமன் இடத்தில் நின்று எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்றவரைத் தங்கை பார்த்தாள். வா என்று சொல்லவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் சீர்ப் பையோடு போவார். வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி ஒரு ஹாரன் அடிப்பார். சுந்தரம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இவர் கியரைப் போட்டுவிடுவார். "கூப்பிடல, வந்துட்டேன். கூப்பிடாத வீட்டுக்குள்ள போக நமக்கென்ன ரோசம் இல்லையா?" என்பார். வருகிற தையில் சுஜிதாவுக்குக் கல்யாணம். இதை அவரிடம் சொன்னது தங்கை அல்ல, ஜீப்பில் வருகிற சுருளியம்மாள். அவளுக்கும் சிலமலைதான், அதே தெரு. மணமேடையில் மாமன் இடத்துக்கு அந்தப் பங்காளியையே பேசிவிட்டார்கள் என்றும் அவள்தான் சொன்னாள்.

நவம்பர் மூன்றாம் வாரத் திங்கட்கிழமை காலை வண்டியில் ஆறு பேர். பதினோராவது வளைவில் சந்திரவல்லி பொறுமை இழந்தாள்.

"அண்ணே, புஸ்தகம் வந்தா வருது, வராட்டிப் போகுது. நீயே சொல்லு. அவ வான்னு சொன்னாளா இல்லையா?"

பிச்சைமணி வளைவை முடித்துவிட்டுச் சொன்னார். "சொல்லல."

"அப்ப அவன் என்ன செஞ்சான்?"

"என்ன செய்வான். திரும்பிப் போயிட்டான்."

பின்னாலிருந்து சுருளியம்மாள் கேட்டாள். "முந்நூறு வருசம் இருக்கிறவனுக்கு என்னப்பா அம்புட்டு அவசரம்? எம்புட்டு நேரந்தான் நின்னான்?"

"ரெண்டு நிமிசம்."

"வண்டிய ஆப் பண்ணுனானா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அட்டைத் துரைக்கு ஏது வண்டி என்று சந்திரவல்லி கேட்டாள். சுருளியம்மாள் சிரிக்கவில்லை.

"வீட்டுக்குள்ள இருக்கிறவளுக்கு மூஞ்சி தெரியாது மணி. சத்தந்தான் கேக்கும். அது போகப்போறவன் சத்தம். போகப்போறவன யாரு வான்னு சொல்லுவா?"

பிச்சைமணி மீதி ஆறு வளைவையும் ஒரே மூச்சில் ஏற்றினார். மேலே ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பும்போது ஏற்றிக்கொள்ளும் லோடுக்குக்கூட நிற்காமல் இறங்கினார்.

டீக்கடையில் கடிதம் காத்திருந்தது. விற்பனை போதாததால் தொடரை நிறுத்திவிட்டோம், இரண்டாம் தொகுதி வராது, வருந்துகிறோம் என்று நான்கு வரி. நின்றபடியே படித்தார். மடித்துப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்தார். பாதி டீயை அப்படியே விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பன்னிரண்டு இருபதுக்குச் சிலமலையில் தங்கை வீட்டு முன்னால் ஜீப்பு நின்றது. சுந்தரம்மாள் நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்து முறத்தில் துவரை பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிச்சைமணி ஹாரன் அடிக்கவில்லை. சாவியைத் திருப்பினார். தெருவே சட்டென்று ஓய்ந்தது போலாயிற்று. இறங்கி வந்து வாசலில் நின்றார். கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவின, பிறகு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அவள் நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து பொறுக்கினாள். ஆனால் எழுந்து உள்ளே போகவில்லை.

வெயில் ஜீப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிற்று. முறத்தில் துவரை தீர்ந்தது. அவள் பொறுக்கிய துவரையையே மறுபடி முறத்தில் கொட்டினாள்.

மூன்று மணிக்கு, ஆட்களைத் திரும்ப ஏற்ற மலைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், போன் அடித்தது. அருள்பாண்டி. எடுத்ததும் பிச்சைமணியே முந்திச் சொன்னார்.

"மாப்ளே, என் வண்டி ஆளுகளையும் நீயே ஏத்திட்டு வந்துரு. எனக்கு இங்க சோலி முடியல."

போனைப் பையில் போட்டார். முறத்தில் ஓடிய விரல்கள் நின்றதை அவர் பார்க்கவில்லை. குனிந்து, செருப்பைக் கழற்றி, சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கடிதம் வந்தது 2025 நவம்பர் 17, திங்கட்கிழமை.