ரசாக் பாயின் ஆம்ப்ளிஃபையர் மீது குற்றமில்லை

ரசாக் பாய் இறந்த செய்தி வந்தபோது நான் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில் இருந்தேன். அவர் மகள் நஸ்ரீன் போனில், "அத்தா காலைல போயிட்டாருங்க மாமா. லுகர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருங்க" என்றாள். அடுத்த கொண்டை ஊசி வளைவு திரும்புவதற்குள் உரிமம் வாங்கி வீட்டிலிருந்தே வானொலியில் பேசிக்கொள்ளும் எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் வந்துவிட்டது. "மலையின் குரல் ஓய்ந்தது" என்று தலைவர் எழுதியிருந்தார். அந்தக் குரலை ஓயச் சொன்னவரே அவர்தான். இது தெரியாதவர்களுக்காகவும், மறந்துவிட்டதாக நடிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பாய் ஏற்காட்டில், ஒண்டிக்கடை என்ற இடத்தில், ஸ்வெட்டரும் குடையும் விற்றவர். எலெக்ட்ரானிக்ஸ் பட்டதாரி. ஆனாலும் சங்கத்தில் சிலருக்குக் கடைசிவரை 'குடைக்கடைக்காரர்'தான். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். என்னைத் தாண்டிப் பதவி உயர்வு வாங்கியவர்களின் பெயர்களை இன்றும் வரிசையாகச் சொல்வேன். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதில் வியப்பில்லை.

மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டு, செல்போனும் செத்துப்போகும் நாட்களில் மலையின் நிலவரத்தைக் கீழே சொல்ல, மலைமேல் வெள்ளக்கடை என்ற ஊரில் இருந்த அவர் வீட்டு நிலையத்தைத்தான் சங்கம் நம்பியிருந்தது. அந்தப் பொறுப்பு அவருக்கு உயிர். கீழே தெளிவாகக் கேட்க வேண்டும் என்றே தன் கையால் ஓர் ஆம்ப்ளிஃபையர் கட்டினார். அந்தக் கோடையில் தொல்லை தொடங்கியது. பேசும்போது மைக் உதட்டைச் சுட்டது. குரல் கரகரத்தது. பக்கத்து வீட்டு சரசு, எஸ்டேட் வேலை முடிந்த கையோடு வந்து நின்றார்.

"ஏனுங்க பாய், சீரியல்ல மாமியா வாயத் தொறந்தா வாத்து கத்துதுங்க. அந்த வாத்து உங்க ஊட்டுலதான இருக்குது?"

"மாமியா பேசறதுக்கு வாத்தே தேவலைங்களே."

"கிண்டலு வேண்டாமுங்க. நான் நொம்ப கோவத்துல இருக்கறன்."

பாய் சிரித்தார், ஆனால் அன்றே வேலையைத் தொடங்கினார். "மொதல்ல பிரிச்சுப் பாக்கோணும் சார், அப்புறந்தான் திட்டோணும்" என்பது அவர் வழக்கம். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, சக்தி முழுவதையும் வெப்பமாக்கி விழுங்கும் டம்மி லோடை மாட்டினார். மைக் சுடவில்லை, வாத்தும் கத்தவில்லை. ஆம்ப்ளிஃபையரில் கோளாறு இல்லை. அதற்கு வெளியே, கேபிளிலோ ஆன்டெனாவிலோ எர்த்திலோ இருக்கிறது என்று அன்றே தெரிந்துவிட்டது.

ஆம்ப்ளிஃபையர்தான் மட்டம் என்று சொல்லிவந்த சங்கத்துக்கு அந்த விளக்கம் போதவில்லை. சோதிக்க வந்தார்கள், ஐப்பசி மழையில். மண் ஊறிக் கிடந்தது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது.

"சித்திரையில வாங்க சார், அப்பக் காட்டறனுங்க" என்றார் பாய்.

"எங்களுக்கு வேற பொழப்பு இல்லையா பாய்?" என்றார் தலைவர்.

சித்திரை வெயிலுக்குச் சேலமே ஏற்காடு ஏறும். எங்கள் சங்கம் மட்டும் ஏறாது. சோதனை முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே, நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பதில் பெறும் வாராந்தர ஒலிபரப்பில், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, மலை நிலையம் மட்டமான ஆம்ப்ளிஃபையரால் அலைவரிசையைக் கெடுக்கிறது, பரிசோதனைக்கு மட்டும் அதை மாற்றி வைத்துப் பாய் ஏமாற்றிவிட்டார் என்று தலைவர் அறிவித்தார். பொறுப்பும் பறிபோனது. பொய்யர் என்ற பெயர்தான் பாயைச் சுட்டது.

சித்திரை வந்ததும் நாங்கள் இருவரும் எர்த் கம்பியைத் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் பாறை. கம்பி அதில் முட்டி வளைந்து கிடந்தது. நட்டு வைத்த அந்த ஆன்டெனாவுக்கு மண்தான் மறுபாதி. மழைக்காலத்தில் ஈர மண் அந்த வேலையை ஓரளவு செய்தது. மண் காய்ந்ததும் மின்னோட்டம் கேபிளின் வெளித்தோல் வழியாக வீட்டுக்குள் ஏறியது. மண்ணுக்குப் பதிலாக, காப்பிச் செடிகளுக்கிடையே கம்பிகளை விரித்துப் பரப்பினோம். மின்னோட்டம் வீட்டுக்குள் ஏறாமல் தடுக்க, ஆன்டெனாவின் அடியில் கேபிளைச் சுருளாகச் சுற்றிக் கட்டினோம். பாய் மைக்கில் உதட்டை ஒட்டிவைத்துப் பேசிப் பார்த்தார்.

"கடிக்கலைங்க சார்! முத்தம் குடுக்குதுங்க!"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சரசு கேட்டார்: "வாத்து செத்துப் போச்சுங்களா பாய்?"

அந்த ஞாயிறு பாய் ஒலிபரப்பில் சங்கத்தைக் கூப்பிட்டார். குரல் கண்ணாடிபோல இருந்தது என்று தர்மபுரியிலிருந்து ஒரு நண்பர் எனக்குப் போன் செய்தார். தலைவர் மட்டும் கேட்காததுபோல அடுத்த நிலையத்துக்குப் போய்விட்டார். நான் சண்டைக்குப் புறப்பட்டேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க சார். நாம கூப்புடறதக் கூப்புடுவோம்." இறக்கும்வரை ஞாயிறுதோறும் கூப்பிட்டார். தலைவர் ஒருமுறைகூட அவரை ஏற்றுப் பதில் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து பள்ளிவாசல் வாசலில் தலைவர் என்னை ஓரமாக அழைத்தார்.

"நம்ம இதழுக்கு ரெண்டு பக்கம் எழுதுங்க சார். பழசெல்லாம் வேண்டாம்."

"பழச மட்டுந்தான் எழுதுவேன்" என்றேன்.

எழுதிவிட்டேன். இரங்கல் கூட்டம், படத்திறப்பு எதுவும் வேண்டாம். எல்லோரும் கேட்கப் பழி சொன்ன அதே ஒலிபரப்பில், எல்லோரும் கேட்க, அது தவறு என்று சொல்லுங்கள். நஸ்ரீன் ஆன்டெனாவைக் கழற்றவில்லை. நிலையத்தின் சாவியை என்னிடம் தந்திருக்கிறாள். என் உரிமத்தில், அவர் கட்டிய ஆம்ப்ளிஃபையரில், ஞாயிறுதோறும் கூப்பிடுவேன். அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம். பதிலே வராத இடத்தை மறுபடி மறுபடி கூப்பிடும் அவருடைய பிடிவாதத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.