கண்காட்சிக்கு வந்த சாட்டை

மரிவிக் மேசை விரிப்பின் ஓரங்களைக் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தாள். பிஷ்கெக்கில் எங்கள் சர்வதேசப் பள்ளியில் ஆண்டுக்கொரு நாள் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பரம்பரைப் பொருளைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆறாம் வகுப்பு மேசை அவள் பொறுப்பு. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து நாலு வருடமாகக் கணக்குச் சொல்லித்தருகிறாள். வயது நாற்பத்தொன்று. வீட்டுப்பாடம் முடிக்காவிட்டால் தூதர் மகனையும் நிற்கவைப்பாள். நான் அங்கே நர்ஸ். அதற்கு முன் முப்பது வருடம் ஆம்புலன்ஸில் இருந்தவள்.

அந்த வகுப்பு அய்சுலூ கம்பளித் துணியில் சுற்றிய குதிரைச் சாட்டையைக் கொண்டுவந்தாள். அவள் அப்பன் குபானிச், கல் குவாரிக்காரன், பெருமையோடு கொடுத்தனுப்பியது. எங்கள் கிர்கிஸ் ஆட்கள் சாட்டையை வாசல் பக்கச் சுவரில் மாட்டுவோம். வீட்டைக் காக்கும் என்று. இது எட்டுப் புரிப் பின்னல், நுனியில் பித்தளை வளையம். மரிவிக் அதைக் கையில் தூக்கினாள். அய்சுலூ இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மரிவிக் அவளை என் அறைக்குக் கூட்டிவந்தாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். முதுகு முழுக்கப் புதிதும் பழையதுமாகத் தடங்கள். மீன் முள்ளைப் போலப் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு வட்டம். வளையத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பொருந்தியது. அடிக்கிற பொருளையே காட்சிக்கு அனுப்பியிருக்கிறான். அது தப்பு என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

படம் எடுத்தோம். மரிவிக் புகார் எழுத, நான் கீழே கையெழுத்திட்டேன். முதல்வர் ஹெண்ட்ரிக் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமைவரை பொறுக்கலாம் என்றார். குபானிச் நிர்வாகக் குழுவில் இருக்கிறான். மரிவிக்கின் வேலை அனுமதி அந்த மாதம் முடிகிறது. பள்ளி கையெழுத்துப் போடாவிட்டால் அவள் நாட்டைவிட்டுப் போக வேண்டும். அதையும் நினைவூட்டினார்.

"பொண்ணு இன்னிக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போகணுமே சார்" என்று மட்டும் மரிவிக் சொன்னாள்.

அய்சுலூவின் அம்மா மாஸ்கோவில் வேலை செய்கிறாள். டோக்மோக்கில் இருக்கும் பெரியம்மாவுக்கு நான் போன் செய்தேன். அவள் வந்துசேருமுன் குபானிச் வந்துவிட்டான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையை என் அறைக்குள் வைத்துத் தாழ்போட்டோம். மரிவிக் கதவின் முன் நின்றாள். சாட்டை அவள் கையில்.

"எங்க பிள்ளையை எப்படி வளக்கணும்னு நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா? நகரு" என்றான்.

"நான் கணக்குதான் எடுக்கிறேன். இன்னிக்கு உங்க பொண்ணு முதுகுல எண்ணிட்டேன்."

முஷ்டியால் வாயில் குத்தினான். ஒரு பல் தரையில் விழுந்தது. சாட்டையைப் பிடுங்கிக் கழுத்தில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, தடுத்த இடது கையில் ஒன்று என்று அடித்தான். அவள் கதவைவிட்டு நகரவில்லை. கதவோரம் நோயாளிகளுக்காகச் சாய்த்திருந்த ஊன்றுகோலை நான் எடுத்து அவன் முழங்கால் சில்லில் அடித்தேன். எங்கே அடித்தால் ஆள் விழுவான் என்பது எனக்குத் தெரியும். விழுந்தான். காவலாளிகள் பிறகுதான் வந்து, அவனைப் பக்குவமாகத் தூக்கிக் காரில் ஏற்றினார்கள். மரிவிக் சாட்டையைக் காலடியில் மிதித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் வந்துசேர்ந்த பெரியம்மா சமையலறை வாசல் வழியாகப் பிள்ளையைக் கூட்டிப்போனாள்.

உதட்டில் ஐந்து தையல். நான் தையல் நூலைக் கத்தரித்துக்கொண்டிருக்கும்போதே முதல்வர் ஒரு தாளோடு வந்தார். மரிவிக் படியில் தவறி விழுந்ததாக அதில் ஒரு வரி. கையெழுத்துப் போட்டால் அனுமதியும் உடனே புதுப்பிக்கப்படும். போட்டால், நாளைக்கே குபானிச் பிள்ளையைத் திரும்பக் கூட்டிப்போவான். அவர் போனதும் மரிவிக் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நடந்ததை எழுதத் தொடங்கினாள். ஓய்வெடு என்றேன்.

"கிழிஞ்சது வாய்தானே எஜே. எழுதற கை நல்லாத்தான் இருக்கு."

எஜே என்றால் அக்கா. அவளுக்கு நான் அம்மா வயது.

மறுநாள் காலை, பள்ளியின் முதல் மணி அடிக்குமுன், இருவரும் டிராலி பஸ் ஏறி அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனோம். விசாரணை அதிகாரி பிள்ளையின் படங்களைப் பார்த்துவிட்டு, இது எந்தச் சாட்டை என்று யார் சொல்வது என்றார். மரிவிக் சாட்டையைச் சுற்றியிருந்த கம்பளித் துணியைப் பிரித்தாள். தன் கழுத்துக் காயத்தின் கட்டுத்துணியை அவிழ்த்தாள்.

"அளந்து பாருங்க."

அளந்தார். அவள் கழுத்திலும் பிள்ளையின் படத்திலும் வளையம், பின்னல், எல்லாம் அப்படியே இருந்தன. அவளுடைய அடிக்கு ஒரு வழக்கு என்று எழுத ஆரம்பித்தார். மரிவிக் அவர் பேனாவின் மேல் விரலை வைத்து, பிள்ளைக்குத் தனியாக இன்னொன்று எழுதச் சம்மதிக்கும்வரை எடுக்கவில்லை. இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்காரவைத்துப் புதுக்கட்டுப் போட்டுவிட்டேன்.